தூண்டில் வாங்கலாம், படகு வாங்கலாமா?



மாசி பிறந்துவிட்டது. கரிசல் காட்டில் உளுந்தும் பாசியும் வீடு வந்து சேர்ந்திருக்கும். மல்லியும் மிளகாயும் களத்தில் காய்ந்துகொண்டிருக்கும். இனி புரட்டாசி வரை மானாவாரி விவசாயிக்குக் காட்டில் பெரிய வேலை இல்லை. இந்த மாதங்களில்தான் "வேறு என்ன செய்யலாம்?" என்று கேட்டு எனக்குக் கடிதங்கள் அதிகம் வரும். ஆடு, கோழி, காளான் பற்றிப் பலமுறை எழுதிவிட்டேன். இந்த முறை பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து ஒரு வாசகர் கடலைப் பற்றிக் கேட்டிருக்கிறார். கடிதம் நீளமானது. சாரத்தை மட்டும் தருகிறேன்.

"ஐயா, எனக்கு நாலு ஏக்கர் மானாவாரி. 2023 டிசம்பர் மழையில் எல்லாம் போனது. அந்தக் கடன் இன்னும் தீரவில்லை. மஸ்கட்டில் எட்டு வருடம் வேலை பார்த்த என் தம்பி ஊருக்கே வந்துவிட்டான். வரும்போது ஒரு பெட்டி நிறைய பிளாஸ்டிக் பொய்மீன் கொண்டுவந்தான். ஓடும் படகின் பின்னால் அதை இழுத்தால் பெரிய மீன் கடிக்கும் என்கிறான். பெட்டியில் 'கிராப்பி' என்று ஒரு மீன் படம் இருக்கிறது. அந்த மீன் நம்ம கண்மாயில் உண்டா? இந்தத் தூண்டில் நம்ம கடலுக்கு ஆகுமா? என்னோடு பள்ளியில் படித்த தருவைகுளத்து நண்பர் தன் ஃபைபர் படகில் பாதிப் பங்கு தருகிறேன் என்கிறார். ஒன்றரை லட்சம் கேட்கிறார். வீட்டில் இருக்கும் சங்கிலியை அடகு வைத்தால் ஆகும். மனைவி வேண்டாம் என்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்."

மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மூன்றாவதில்தான் குடும்பம் அடங்கியிருக்கிறது. ஆனால் முதல் இரண்டுக்கும் பதில் தெரிந்தால்தான் மூன்றாவதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியும்.

கிராப்பி என்பது என்ன?

கிராப்பி வட அமெரிக்காவின் நன்னீர் மீன். உள்ளங்கை அகலத்துக்கு, தட்டையாக இருக்கும். பெரும்பாலும் கால் கிலோ, அரைக் கிலோ எடை. அங்கே ஏரிகளிலும் அணைக்கட்டு நீர்த்தேக்கங்களிலும் சிறு படகில் போய் இதைப் பிடிக்கிறார்கள். மிசிசிப்பி மாநிலத்தில் கிரெனடா என்ற நீர்த்தேக்கம் இந்த மீனுக்குப் பெயர் பெற்றது. கோடை வெயிலில் இந்த மீன் கரையை விட்டு விலகி, தரையிலும் ஒட்டாமல் மேலேயும் வராமல், நடு ஆழத்தில் கூட்டமாக நிற்கும். அந்தக் கூட்டத்தை ஓரிடத்தில் தேடுவது கடினம். ஆகவே படகை மெதுவாக ஓட்டி, பின்னால் பல கம்புகளில் பொய்மீன்களை இழுத்துக்கொண்டே போவார்கள். வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர் அளவுதான். நம் ஏர் மாடு நடக்கும் நடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிராப்பி நம் கண்மாயில் இல்லை. கொண்டுவந்து விடவும் கூடாது. வெளிநாட்டு மீனை நம் நீர்நிலையில் விட்டால் என்ன ஆகும் என்பதைத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி நமக்குக் காட்டியிருக்கிறது.

கண்மாயில் இந்த முறையும் பயன்படாது. நம் பக்கத்துக் கண்மாய்கள் ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்து, பங்குனி, சித்திரைக்குள் வற்றுகிறவை. உள்ளே கருவேல முள் நிற்கும். பொய்மீன் இழுக்க ஆழமும் இல்லை, ஓட்டமும் இல்லை. நாம் விடும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஓடும் இரையைத் துரத்திப் பிடிக்கிற சாதி அல்ல. விரால் துரத்தும். அதைக் கரையில் நின்று வீசும் தூண்டிலில் பிடிக்கலாம். ஆனால் கண்மாய் மீன் பாசி குத்தகைக்குப் போயிருந்தால் குத்தகைதாரர் அனுமதி இல்லாமல் தூண்டில் போடக்கூடாது.

பொய்மீனின் கதை

தம்பி கொண்டுவந்த பொய்மீனைக் கையில் எடுத்துப் பாருங்கள். வாய்க்குக் கீழே ஒரு சின்னத் தகடு நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். வேலை செய்வது அந்த நாக்குதான். படகு இழுக்கும்போது தண்ணீர் அந்த நாக்கில் மோதும். பொய்மீன் தலையைக் கீழே குத்தி, உடம்பை இருபுறமும் ஆட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போகும். இழுப்பை நிறுத்தினால் பெரும்பாலானவை மெல்ல மேலே மிதந்துவிடும்.

பொய்மீனில் உலகப் புகழ் பெற்ற ஒன்றைச் செய்தவர் பின்லாந்து நாட்டில் லௌரி ராபாலா என்ற ஏழை மீனவர். பெரிய மீன் ஒரு கூட்டத்துக்குள் பாயும்போது, தள்ளாடி நீந்தும் நலிந்த மீனையே குறிவைக்கிறது என்பதைக் கவனித்தார். 1936-ல் தக்கையைச் செருப்புத் தைக்கும் கத்தியால் செதுக்கி, சாக்லேட் சுற்றும் வெள்ளித் தாளை ஒட்டி, பழைய புகைப்படச் சுருளை உருக்கிப் பூசி, அந்தத் தள்ளாட்டத்தைத் தன் பொய்மீனில் கொண்டுவந்தார். காசு கொடுத்து வாங்கிய பொருளை விட, தண்ணீரைப் பார்த்துக் கற்றதுதான் அவருக்குச் சோறு போட்டது.

நம் கடலுக்கு ஆகுமா?

ஆகும். ஓடும் படகின் பின்னால் தூண்டில் இழுப்பது நம் கடற்கரைக்குப் புதிது இல்லை. பாய் விரித்து ஓடிய வள்ளத்திலேயே இழுத்திருக்கிறார்கள். கோழி இறகு, வெள்ளைத் துணிக்கீற்று, பளபளக்கும் நூல் ஆகியவற்றை முள்ளில் கட்டி இழுப்பார்கள். வாளை மீனையே இரையாகக் கோத்தும் இழுப்பார்கள். இதில் அகப்படுவது ஓடும் மீன்கள். சென்னையில் வஞ்சிரம் என்றும் குமரியில் நெய்மீன் என்றும் சொல்லும் நம் சீலா, சூரை, பாறை, கட்டா, ஊளி ஆகியவை.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். ஆங்கிலத்தில் தூண்டில் இழுப்பதற்கு ட்ரோலிங் என்று பெயர். விசைப்படகு மடிவலையைக் கடல் தரையோடு இழுப்பதற்கு ட்ராலிங் என்று பெயர். காதில் இரண்டும் ஒன்று போல விழும். செயலில் எதிரெதிரானவை. இழுவலை தரையைச் சுரண்டிக் குஞ்சு, குருமான் எல்லாவற்றையும் அள்ளும். இழுதூண்டிலில் ஒரு முள்ளுக்கு ஒரு மீன். வாய் பெரிதாக உள்ள மீன் மட்டுமே கடிக்கும். மீனும் நசுங்காமல் உயிரோடு வரும். அதனால் ஏலத்தில் தூண்டில் மீனுக்குத் தனி மதிப்பு.

இனி பெட்டியைப் பார்ப்போம். கிராப்பிக்குச் செய்த பொய்மீனில் இருப்பவை நன்னீருக்கான மெல்லிய முள்கள். உப்புத் தண்ணீரில் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஐந்து கிலோ சீலா ஒரு இழுப்பில் அந்த முள்ளை நிமிர்த்திவிடும். சிறியவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, பெரியவற்றில் முள்ளையும் வளையத்தையும் கடலுக்கு உரியதாக மாற்றுங்கள். மூன்று முள் சேர்ந்த கொத்து முள்ளை எடுத்துவிட்டு ஒற்றை முள் போடுவது நல்லது. ஆடும் சிறு படகில் துள்ளும் மீனின் வாயிலிருந்து கொத்து முள்ளைக் கழற்றும்போது, ஒரு முள் மீனிலும் இன்னொன்று நம் கையிலுமாக மாட்டும். சீலாவின் பல் தங்கூசியைக் கத்தரித்துவிடும். எனவே பொய்மீனுக்கு முன்னால் ஓர் அடி நீளமாவது மெல்லிய கம்பி வேண்டும். கம்பியைப் பொய்மீனின் கண்ணில் இறுக்கி முடியாமல், அது தாராளமாக ஆடும்படி கொக்கியில் மாட்டுங்கள்.

ஆழம்தான் கணக்கு

விதைப்பில் ஆழம் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கம்பு விதை 2, 3 சென்டிமீட்டரில் விழுந்தால் முளைக்கும். அதே விதை அதே மண்ணில் ஒரு சாண் கீழே போனால் முளை வெளியே வராது. இழுதூண்டிலும் அப்படித்தான். மீன் நிற்கும் ஆழத்துக்கு மேலேயோ கீழேயோ பொய்மீன் ஓடினால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் நாள் முழுக்க எரிபொருள்தான் செலவாகும். ஆழத்தை முடிவு செய்பவை நான்கு.

ஒன்று, நாக்கு. நாக்கு பெரிதாக, மூக்குக்கு நேராக நீண்டிருந்தால் ஆழம் போகும். சிறிதாக, செங்குத்தாக மடங்கியிருந்தால் மேலே ஓடும்.

இரண்டு, விட்ட நூலின் நீளம். கூடுதலாக விட்டால் கூடுதல் ஆழம். ஓர் எல்லைக்குப் பிறகு நூலைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் எவ்வளவு விட்டாலும் ஆழம் கூடாது.

மூன்று, நூலின் பருமன். தடித்த நூலைத் தண்ணீர் அதிகம் இழுத்துப் பிடிக்கும். அதனால் மெல்லிய நூலில் அதே பொய்மீன் இன்னும் ஆழமாக ஓடும்.

நான்கு, வேகம். நாக்கு உள்ள பொய்மீன் வேகம் கூடும்போது ஓரளவுக்கு ஆழம் போகும். அளவு மீறினால் ஒருக்களித்துச் சுழன்று மேலே வந்துவிடும். ஈயம் கட்டிய இறகுத் தூண்டில் இதற்கு நேர்மாறு. வேகம் கூடினால் மேலே வரும், குறைந்தால் தாழும். இந்த வேறுபாட்டைத் தம்பி மறக்கக்கூடாது. சீலாவுக்குக் கிராப்பியின் ஏர் மாட்டு நடை போதாது. மணிக்கு 8 முதல் 12 கிலோமீட்டர், அதாவது சைக்கிள் மிதிக்கும் வேகம் வேண்டும்.

செய்முறை இதுதான். நூலில் ஐந்து பாகத்துக்கு ஒரு வண்ண நூல் கட்டி அடையாளம் வையுங்கள். சிறு படகுக்கு மூன்று தூண்டில் போதும். இரண்டு பக்கமும் மூங்கில் கம்பு நீட்டி, அவற்றில் 20 பாகமும் 15 பாகமும் விடுங்கள். நடுவில் 10 பாகம் விடுங்கள். நடுவில் உள்ளது குட்டையாக இருந்தால் திரும்பும்போது சிக்காது. ஒவ்வொரு பொய்மீனையும் முதலில் படகின் ஓரத்திலேயே ஓடவிட்டுப் பாருங்கள். நேராக ஓட வேண்டும். பொய்மீனின் முகம் உங்களைப் பார்த்திருக்க, அது உங்கள் வலப்பக்கம் விலகி ஓடினால் கண் வளையத்தை மயிரிழை அளவு இடப்பக்கம் வளையுங்கள். இடப்பக்கம் ஓடினால் வலப்பக்கம் வளையுங்கள். நூலில் விரலை வைத்தால் ஒரே சீராகத் துடிப்பது தெரியும். துடிப்பு நின்றால் பாசியோ குப்பையோ மாட்டியிருக்கிறது. உடனே இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். பாசி மாட்டிய பொய்மீனை எந்த மீனும் தொடாது.

மீன் கடித்த தூண்டில் எது, எத்தனை பாகம் விட்டிருந்தது, என்ன வேகம் என்று பார்த்து மற்ற இரண்டையும் அதற்கு மாற்றுங்கள். ஒரே நேரத்தில் நூலையும் வேகத்தையும் பொய்மீனையும் சேர்த்து மாற்றாதீர்கள். எதனால் கடித்தது என்று தெரியாமல் போய்விடும். உரச் சோதனைப் பாத்தியில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைப்போமே, அதே முறைதான்.

வளைவு சொல்லும் செய்தி

கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் படித்த காலத்தில் வேம்பாரைச் சேர்ந்த வகுப்புத் தோழன் வீட்டுக்கு விடுமுறைக்குப் போயிருந்தேன். அவன் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவேன். விடியற்காலை வள்ளத்தில் என்னையும் ஏற்றிக்கொண்டார். இரண்டு பக்கமும் இறகுத் தூண்டில். இரண்டு மணி நேரம் ஒன்றும் கடிக்கவில்லை. எனக்கு வயிறு புரட்டிக்கொண்டு வந்தது. ஒரு பாரின் ஓரத்தில் வள்ளத்தை வளைத்துத் திருப்பினார். திருப்பத்தின் உள்பக்கத்து நூல் படாரென்று இழுத்தது.

மீனை ஏற்றிய பிறகு மாமா சொன்னார்: "தம்பி, உள்பக்கத்து நூல்தானே புடிச்சிது? திரும்பும்போது அந்த நூல் மெதுவாகும், இறகு கீழ போகும். மீன் கீழதான் நிக்கிது. இனிமே எஞ்சினைக் கொறைச்சுத்தான் ஓட்டணும்." வேகத்தைக் குறைத்தார். அதற்கு மேல் நான்கு சீலா ஏறின. அன்றைக்கு வள்ளத்தில் இருந்த ஒரே பட்டதாரி மாணவன் நான். சோதனை நடத்தி முடிவு கண்டவர் மாமா.

வளைவில் உள்பக்கத் தூண்டில் மெதுவாகும், வெளிப்பக்கத் தூண்டில் வேகமாகும். எது கடிக்கிறதோ அது உங்களுக்கு வேகத்தைச் சொல்கிறது. நாக்கு வைத்த பொய்மீனானால் மெதுவாகும்போது மேலே எழும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பார் என்று சொன்னேன். கடலுக்கடியில் உள்ள பாறைத் தரையைத்தான் நம் பக்கம் பார் என்கிறோம். முத்துச்சிப்பி விளைந்த இடங்கள் அவை. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொலையிரம் பார் அந்தக் காலத்தில் பேர் பெற்றது. 1961-ல் நடந்த முத்துக்குளிப்புக்குப் பிறகு பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. முத்து போனாலும் பார் இருக்கிறது. சின்ன மீன் அங்கே ஒதுங்கும். அதைத் தேடிப் பெரிய மீன் ஓரத்தில் சுற்றும். எந்தப் பார் எந்தத் திசையில், எத்தனை பாகம் ஆழத்தில், எந்த நீரோட்டத்தில் மீன் நிற்கும் என்பது அந்த ஊர்ப் பெரியவர்கள் மனத்தில் இருக்கிறது. எந்தப் பெட்டியிலும் அது வராது.

கையும் உயிரும்

மீன் கடித்ததும் நூலைக் கையில் சுற்றாதீர்கள். விரல் போய்விடும். உறையோ துணியோ போட்டுக்கொண்டு, விட்டு விட்டு இழுங்கள். ஒருவர் இழுக்கும்போது இன்னொருவர் மற்ற தூண்டில்களைச் சுருட்ட வேண்டும். முள் குத்தினால் கரைக்கு வந்ததும் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். ஏறிய மீனை உடனே ஐஸில் வையுங்கள். வெயில் காலத்தில் மீன் எடைக்குச் சமமாக ஐஸ் வேண்டும். வெயிலில் கிடந்த சீலாவுக்கும் ஐஸில் கிடந்த சீலாவுக்கும் ஏலத்தில் ஒரே விலை கிடைக்காது.

உயிர்காப்பு மிதவை உடுப்பு ஒவ்வொருவருக்கும் ஒன்று வேண்டும். அதைப் படகின் மூலையில் போடாமல் உடம்பில் போடுங்கள். கிணற்றில் நீந்தத் தெரிந்தவருக்குக் கடலில் நீந்தத் தெரியும் என்று சொல்ல முடியாது. வானிலை அறிவிப்பைக் கேட்காமல் இறங்க வேண்டாம். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயல், கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்களையும் விட்டுவைக்கவில்லை. ஆபத்து நேரத்தில் கடலோரக் காவல் படையை அழைக்கும் எண் 1554. இதைப் படகில் எழுதியே ஒட்டிவிடுங்கள்.

போகக் கூடாத இடமும் உண்டு. 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் அடக்கம். வான் தீவு, காசுவார், விலாங்குச்சல்லி, கரியாச்சல்லி ஆகியவை நம் தூத்துக்குடித் தொகுதி. அந்தத் தீவுகளைச் சுற்றித் தூண்டில் இழுக்க வேண்டாம். ஆமை, ஓங்கில், கடல்பசு எதுவாவது தப்பித் தவறி மாட்டினால் இயன்றவரை முள்ளை நெருக்கி நூலை அறுத்து விட்டுவிடுங்கள். அவை சட்டப்படி காக்கப்பட்டவை.

இனி படகுப் பங்கு

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு விவசாயி வந்து, நகையை அடகு வைத்துக் கதிரடிக்கும் இயந்திரம் வாங்கலாமா என்று கேட்டார். இயந்திரம் நல்ல இயந்திரம். வாங்குங்கள் என்று சொன்னேன். ஆண்டில் எத்தனை நாள் அதற்கு வேலை இருக்கும் என்று நான் கேட்கவும் இல்லை, எண்ணவும் இல்லை. எங்கள் பக்கத்தில் அறுவடை ஒரே சமயத்தில் வந்து ஒரே சமயத்தில் முடியும். இருபத்தைந்து நாளுக்கு மேல் அதற்கு வேலை இல்லை. மூன்றாம் ஆண்டு பாதி விலைக்கு விற்றார். நகை திரும்பவில்லை. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யார் என்ன வாங்கலாமா என்று கேட்டாலும், நான் முதலில் கேட்பது எத்தனை நாள் வேலை என்பதைத்தான்.

உங்கள் நாளை எண்ணுவோம். புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. கார்த்திகை, மார்கழியில் களை, மருந்து, புயல் பயம். தை, மாசியில் அறுவடை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும். தூத்துக்குடிக் கடலில் சிறு படகுக்கு அது கெட்ட காலம். மிச்சம் இருப்பது பங்குனி, சித்திரை, வைகாசி. இந்த மூன்று மாதத்தில் ஒரு நன்மை உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. சந்தையில் மீன் குறையும். சிறு படகில் வரும் தூண்டில் மீனுக்கு விலை ஏறும். தம்பி கணக்குப் போட்டிருந்தால் இதைத்தான் போட்டிருப்பார். அது சரியான கணக்குதான்.

ஆனால் செலவுப் பக்கத்தையும் பாருங்கள். வலை போட்டால் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருக்கலாம். இழுதூண்டிலில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பேச்சுக்குச் சில எண்கள் வைக்கிறேன். உண்மை எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் 20 நாள் கடலுக்குப் போகிறீர்கள். எரிபொருள், ஐஸ், சாப்பாடு சேர்த்து நாளுக்கு 1,800 ரூபாய் என்றால் 36,000 ரூபாய் செலவு. இருபதில் எட்டு நாள் நல்ல மீன், நாளுக்கு 6,000 ரூபாய் என்றால் 48,000 வரவு. மிச்சம் 12,000. படகுக்கு ஒரு பங்கு, நண்பருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று பிரித்தால் பங்குக்கு 4,000. படகுப் பங்கில் பாதி உங்களுடையது, அது 2,000. மூன்று மாதத்துக்குப் படகு உங்களுக்குத் தருவது 6,000 ரூபாய்.

ஒன்றரை லட்சம் நகைக்கடனுக்கு 9 சதவீதம் வட்டி என்றால் ஆண்டுக்கு 13,500 ரூபாய். படகு தருவதை விட வட்டி இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. எஞ்சின் பழுது, பொய்மீன் பாரில் மாட்டி அறுவது எதையும் இதில் நான் சேர்க்கவில்லை. மற்ற மாதங்களில் நண்பர் வலைக்குப் போகும்போது படகுப் பங்கில் பாதி உங்களுக்கு வருமா, பழுதுச் செலவு யார் தலையில், படகு போனால் யாருக்கு நட்டம் என்பதெல்லாம் பேசினீர்களா? எழுதினீர்களா? பள்ளித் தோழர் என்பதால் எழுதாமல் விட்டால், பிறகு பணத்தோடு தோழரும் போவார்.

இன்னொன்று. படகைக் காட்டிப் பெறும் மானிய எரிபொருள், விபத்துக் காப்பீடு, நல வாரிய உதவி ஆகியவை பதிவு பெற்ற படகுக்கும் பதிவு பெற்ற மீனவருக்கும் உரியவை. ஒன்றரை லட்சம் கொடுத்ததாலேயே நீங்கள் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட மாட்டீர்கள். கடலில் உங்களுக்கு ஏதாவது ஆனால் வீட்டுக்கு என்ன கிடைக்கும் என்று தூத்துக்குடி மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். உங்கள் மனைவி வேண்டாம் என்று சொன்னது இதை எண்ணியும் இருக்கலாம். விவசாயக் கடன் அட்டை 2018-19 முதல் மீன் தொழிலுக்கும் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதற்காகப் பயிருக்கு வாங்கிய கடனைப் படகில் போட வேண்டாம். புரட்டாசியில் விதை வாங்கக் கை வெறுமையாக நிற்கும்.

ஆகவே என் யோசனை இது. இந்தப் பங்குனியில் பங்கு வாங்காமல் ஆள் பங்குக்கு மட்டும் போங்கள். முள், கம்பி, தங்கூசி, ஆளுக்கொரு உயிர்காப்பு உடுப்பு மட்டும் வாங்குங்கள். நீங்கள் வேண்டாம், தம்பி போகட்டும். அவருக்கு ஆசை இருக்கிறது, சம்சாரப் பாரம் இன்னும் ஏறவில்லை. ஊர்க் கமிட்டியிடம் முதலில் சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். எந்த நாளில் கடலுக்குப் போகலாம், எந்தத் தூண்டில், எந்த வலை ஆகாது என்பதற்கு ஒவ்வொரு கரையூருக்கும் கட்டுப்பாடு உண்டு. ஞாயிற்றுக்கிழமை இறங்காத ஊர்கள் உண்டு.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். தேதி, காற்று, தண்ணீர் நிறம், கடல் ஆழம், விட்ட நூல் எத்தனை பாகம், வேகம், எந்தப் பொய்மீன், என்ன மீன், எத்தனை கிலோ, என்ன விலை, எத்தனை லிட்டர் எரிபொருள் என்று அன்றன்றைக்கு எழுதட்டும். வெறுங்கையோடு வந்த நாளையும் எழுத வேண்டும். அதுதான் முக்கியமான பக்கம். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டைப் பாருங்கள். படகுப் பங்கு வட்டியைத் தாண்டுமா தாண்டாதா என்று அதுவே சொல்லும். தாண்டினால் அடுத்த ஆண்டு நண்பரோடு உட்கார்ந்து எழுத்து எழுதிப் பங்கு வாங்கலாம். தாண்டாவிட்டால் உங்களுக்கு நட்டம் முள்ளும் தங்கூசியும்தான். மீன்பிடி முறை பற்றி மேலும் தெரிய வேண்டுமானால் தூத்துக்குடியிலேயே மீன்வளக் கல்லூரி 1977 முதல் இயங்குகிறது. நேரில் போய்க் கேட்கலாம்.

நீங்கள் கோடையில் சும்மா இருக்க வேண்டாம். 2023 மழையில் வரப்பு உடைந்த இடங்களைச் சரி செய்து, கோடை உழவு போட்டு வையுங்கள். சித்திரையில் ஒரு மழை பெய்தால் அது காட்டுக்குள் இறங்க வேண்டும். உங்கள் தம்பி ஆழம் பார்க்கக் கடலுக்குப் போகும் நேரத்தில் நீங்கள் காட்டின் ஆழத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

சங்கிலி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். வீட்டில் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று நான் எழுதியதாக அவர்களிடமும் படித்துக் காட்டுங்கள். வைகாசி கடைசியில் அந்த நோட்டுப் புத்தகத்தோடு எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். நல்ல கணக்காக இருந்தாலும் கெட்ட கணக்காக இருந்தாலும் இதே பகுதியில் மற்றவர்களுக்கும் சொல்வோம்.

அடுத்த இதழில், சேமித்து வைத்த உளுந்து விதையில் வண்டு விழாமல் காப்பது பற்றி வந்த மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.